நெஞ்சு நோவும் நம்பிக்கையும்: இதய மருத்துவத்துக்கு மருந்துப்போலி கற்பித்தவை

(திருகோணமலையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இதய நோய் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்பதற்காகப் பலர் வந்திருப்பீர்கள். அந்தப் பேச்சும் தேவையானதுதான். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. உள்ளே மருந்தே இல்லாத ஒரு குளிசை நெஞ்சு நோவைக் குறைப்பது எப்படி? தோலை மட்டும் வெட்டித் தைத்த ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒருவர் முன்னைவிடக் கூடுதலாக நடப்பது எப்படி? பிளாசிபோ என்றும் மருந்துப்போலி என்றும் சொல்லப்படும் இந்த விடயம் வைத்தியர்களுக்கு மட்டும் உரியதல்ல. கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

இந்த ஊருக்கு இது மிகவும் பொருந்தும். நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றால் நாங்கள் வைத்தியசாலைக்குப் போவோம். அதே கிழமையில் பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தியும் வைப்போம். கிண்ணியாவிலும் மூதூரிலும் ஓதிய தண்ணீர் குடிப்பார்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் முழுகிவிட்டு வந்தால் உடம்பு இலேசாகிவிடும் என்பவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பார்கள். சில நாளில் சுகம் வருகிறது. எது சுகப்படுத்தியது என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை மரியாதையோடும் விடாப்பிடியாகவும் கேட்பதுதான் மருத்துவ ஆராய்ச்சி. நம்பிக்கை நோவைத் தணிக்கும், ஆனால் இரத்தக்குழாயின் அடைப்பைத் திறக்காது. இந்த இரண்டையும் பிரித்து அறிந்த சமூகம் தன் நம்பிக்கையையும் காப்பாற்றிக்கொள்ளும், உயிரையும் காப்பாற்றிக்கொள்ளும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

உறைக்குள் இருந்த தீர்மானம்

1939இல் இத்தாலியில் ஃபியெஸ்கி என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் நெஞ்சு நோவைத் தணிக்க ஒரு முறையைக் கொண்டுவந்தார். மார்பெலும்பின் இரு பக்கத்திலும் உள்மார்பு நாடிகள் இரண்டு இறங்குகின்றன. அவற்றைக் கட்டிவிட்டால், கீழே போகும் இரத்தம் சிறு கிளைகளின் வழியே இதயத்துக்குத் திரும்பும் என்று கருதினார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, சின்ன வெட்டுப் போட்டாலே போதும். 1950களில் இந்தச் சிகிச்சை அமெரிக்காவில் பரவியது. நோயாளர் நோவு குறைந்தது என்றார்கள், நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையின் தேவை குறைந்தது என்றார்கள். 1957இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் சஞ்சிகையும் இதைப் புகழ்ந்து எழுதியது.

சியாட்டில் நகரின் லெனார்ட் கொப் என்ற வைத்தியருக்கும் அவருடைய குழுவினருக்கும் இதில் ஐயம் இருந்தது. 17 நோயாளரைச் சேர்த்தார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நோயாளியின் மார்புத் தோல் வெட்டப்படும். நாடி வெளியே தெரியும். அப்போதுதான் ஒட்டிய உறை ஒன்று சத்திரசிகிச்சை வைத்தியரிடம் கொடுக்கப்படும். உள்ளே இருக்கும் அட்டையில், நாடியைக் கட்டு, அல்லது கட்டாதே என்று இருக்கும். எழுமாற்றாக எடுத்த அந்த அட்டை சொன்னபடி செய்துவிட்டுத் தோலைத் தைத்துவிடுவார். தனக்கு நடந்தது எது என்று நோயாளிக்குத் தெரியாது. பின்னர் அவரைச் சோதித்துப் பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது.

1959இல் முடிவு வெளியானது. நாடி கட்டப்பட்ட 8 பேரில் 5 பேர், முதல் ஆறு மாதங்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டதாகச் சொன்னார்கள். தோல் மட்டும் வெட்டப்பட்ட 9 பேரிலும் 5 பேர் அதையே சொன்னார்கள். அடுத்த ஆண்டு கன்சாஸில் டைமண்ட் குழுவினர் 18 நோயாளரிடம் செய்த ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. அங்கே நாடி கட்டப்படாத ஐவருமே நோவு குறைந்ததாகச் சொன்னார்கள். அந்தச் சத்திரசிகிச்சை விரைவில் கைவிடப்பட்டது. இரண்டு சிறிய ஆய்வுகள், மொத்தம் 35 பேர். இவர்களால் எத்தனையோ ஆயிரம் பேர் தேவையற்ற கத்தியிலிருந்து தப்பினார்கள்.

இந்தக் கதையில் ஒரு குறையும் உண்டு. ஒரு சிகிச்சையை மதிப்பிடுகிறோம் என்பதுதான் சியாட்டில் நோயாளருக்குச் சொல்லப்பட்டது. சிலருக்கு நாடி கட்டப்படாது என்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை. இன்று எந்த ஒழுக்கவியல் குழுவும் இதை அனுமதிக்காது. 1964இல் பிறந்த ஹெல்சிங்கி பிரகடனமும் அதற்குப் பின்வந்த விதிகளும், நோயாளி எல்லாவற்றையும் அறிந்து தாமே சம்மதிக்க வேண்டும் என்பதை ஆராய்ச்சியின் முதல் கடமையாக்கிவிட்டன.

1979இல் ஹேர்பெர்ட் பென்சன், டேவிட் மக்காலி என்ற இருவர் நெஞ்சு நோவுக்காக ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து பின்னர் கைவிடப்பட்ட ஐந்து சிகிச்சைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அந்தச் சிகிச்சைகளை உறுதியாக நம்பிய வைத்தியர்கள் கொடுத்தபோது 70 முதல் 90 சதவீத நோயாளர் சுகம் கண்டார்கள். ஐயத்தோடு பார்த்தவர்கள் கொடுத்தபோது 30 முதல் 40 சதவீதம். சிகிச்சை ஒன்றுதான், கொடுத்தவரின் உறுதி மட்டுமே வேறு. வைத்தியரின் முகமும் சொல்லும் நோயாளியின் உடம்பில் இறங்குகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நோவு ஏன் குறைகிறது

கோணேசர் கோயிலுக்குப் போகும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டி ஏற்றத்தில் நடக்கிறார். பாதி வழியில் நெஞ்சு இறுகுகிறது. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி சுருங்கியிருப்பதால், ஏற்றத்தில் கூடும் தேவைக்கு இரத்தம் போதவில்லை. நின்று மூச்சு வாங்கினால் நோவு போகிறது. அடுத்த முறை கோட்டை வாசலுக்கு வரும்போதே பயம் வந்துவிடுகிறது. பயத்தில் நாடித்துடிப்பு ஏறும், பிரஷர் ஏறும். இதயத்தின் தேவை இன்னும் கூடும். முன்னைவிடச் சீக்கிரமாகவே நோவு வரும்.

எனக்குச் சிகிச்சை நடந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று அவர் நம்பினால் இந்தச் சங்கிலி மறுபக்கமாகத் திரும்பும். துடிப்பு அடங்கும். இதயத்தின் தேவை குறையும். நாடியின் சுருக்கம் அப்படியே இருக்க, அவர் இன்னும் கொஞ்சத் தூரம் நோவில்லாமல் ஏறுவார். அவர் சொல்வது பொய்யல்ல, கற்பனையும் அல்ல. உண்மையாகவே அவருக்கு நோவு குறைந்திருக்கிறது.

மூளையும் தன் பங்கைச் செய்கிறது. 1978இல் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவர், பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். மருந்துப்போலியால் வந்த நோவுத் தணிவு, நலொக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் மறைந்தது. நலொக்சோன் என்பது மோர்ஃபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுப்பது. ஆகவே நம்பிக்கை வந்ததும் உடம்பு தனக்குள்ளேயே மோர்ஃபின் போன்ற பொருளைச் சுரந்து நோவைத் தணித்திருக்கிறது என்று விளங்கிக்கொண்டார்கள்.

நம்பிக்கையின் கணக்கில் சேர்க்கக்கூடாத முன்னேற்றமும் உண்டு. நெஞ்சு நோவு ஏறியிறங்கும் வருத்தம். மிக மோசமான நாளில்தான் நாம் வைத்தியரிடம் ஓடுகிறோம். மோசமான நாளுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் கொஞ்சம் நல்ல நாள். அந்த இடைவெளியில் எதைக் குடித்தாலும், எதைக் கட்டினாலும் பெருமை அதற்கே போகும். இன்னொன்று எங்கள் பண்பாட்டோடு ஒட்டியது. இப்ப எப்படி இருக்கு என்று வைத்தியர் கேட்டால், அவர் மனம் நோகக்கூடாதென்று, ஓம் டொக்டர், நல்ல சுகம் என்று சொல்லிவிடுவோம். அந்த மரியாதையும் ஆய்வுத் தாளில் முன்னேற்றமாகப் பதிவாகும்.

மருந்துப்போலியின் வலு எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே நீண்ட வாதம் நடந்திருக்கிறது. 1955இல் ஹென்றி பீச்சர் 15 ஆய்வுகளைத் தொகுத்து, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்துப்போலியே சுகம் தருகிறது என்று எழுதினார். 2001இல் ஹ்ரோப்யாட்சன், கோட்ஷே என்ற இரு டென்மார்க் ஆய்வாளர், மருந்துப்போலி பெற்றவர்களை ஒன்றுமே பெறாதவர்களோடு ஒப்பிட்ட 114 ஆய்வுகளை அலசினார்கள். நோவு போன்ற, நோயாளி தாமே உணர்ந்து சொல்லும் விடயங்களில் சிறிய பயன் தெரிந்தது. கருவிகொண்டு அளக்கும் விடயங்களில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நாட்டு அனுபவம் இதையே கடுமையான முறையில் காட்டியிருக்கிறது.

நம்பிக்கை எட்டாத இடம்

1980களிலிருந்து இலங்கையின் வடக்கிலும் வடமத்தியிலும் மஞ்சள் அலரி நஞ்சு பெரிய துயரமாக இருந்து வந்திருக்கிறது. அதிலுள்ள பொருட்கள் இதயத்தின் மின்னோட்டப் பாதையைக் குலைக்கும். துடிப்பு மிக மெதுவாகும், ஒழுங்கு கெடும், சிலருக்கு நின்றே போகும். மன வேதனையின் ஒரு கணத்தில் இளம் உயிர்கள் பல இப்படிப் போயின.

டிகொக்சின் என்ற இதய மருந்தின் நஞ்சை முறிக்கும் எதிர்ப்பு மருந்து ஒன்று மேல்நாடுகளில் இருந்தது. அலரி நஞ்சுக்கும் அது வேலை செய்யுமா என்று இலங்கையிலேயே சோதித்தார்கள். மைக்கேல் எடில்ஸ்டனும் இலங்கை வைத்தியர்களும் செய்த அந்த ஆய்வு 2000ஆம் ஆண்டு லான்செட் சஞ்சிகையில் வந்தது. இதயத் துடிப்பு கடுமையாகக் குலைந்த 66 நோயாளரில் 34 பேருக்கு எதிர்ப்பு மருந்து ஏற்றப்பட்டது. 32 பேருக்கு ஏற்றியது சேலைன், அதாவது மருந்துப்போலி.

இரண்டு மணி நேரத்தில், எதிர்ப்பு மருந்து பெற்றவர்களில் 15 பேருக்கு இதயம் தன் இயல்பான துடிப்புக்குத் திரும்பியது. சேலைன் பெற்றவர்களில் இருவருக்கு மட்டுமே திரும்பியது. மார்பு வெட்டுத் தழும்பு கொடுத்த சுகத்தை இங்கே சேலைன் கொடுக்கவில்லை. ஈசிஜி கடதாசியில் ஓடும் கோடு நோயாளியின் நம்பிக்கையைக் கேட்பதில்லை. நஞ்சு இருக்கும் வரை அது குலைந்தே ஓடும். நோவை உணரும் மனதிடம் மருந்துப்போலி பேசும். நஞ்சேறிய இதயத்திடம் அதற்குப் பேச்சில்லை.

சேலைன் ஏற்றியது கொடுமையல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அன்று அந்த எதிர்ப்பு மருந்து அலரி நஞ்சுக்குப் பயன்படும் என்று உறுதியாக நிறுவப்பட்டிருக்கவில்லை. தக்க சிகிச்சை என்று ஏற்கப்பட்டது ஒன்று கையில் இருக்கும்போது அதை மறுத்து மருந்துப்போலி கொடுப்பதுதான் தவறு. உண்மையாகவே விடை தெரியாத இடத்தில், தெரியாது என்று ஒப்புக்கொண்டு சோதிப்பது நேர்மை.

கொடுமை வேறு இடத்தில் நடந்தது. பயன் நிறுவப்பட்ட பின்னர் அந்த மருந்தின் விலை ஏறியது. 2002இல் இலங்கையில் அது கிடைக்காமல் போனது. அதன் பின் அலரி நஞ்சால் நேர்ந்த மரணங்கள் கூடின என்பதையும் எடில்ஸ்டன் குழுவினரே 2003இல் லான்செட்டில் பதிவு செய்தார்கள். சோதனையில் பங்கெடுத்த மக்களுக்கு அந்தச் சோதனையின் பயன் கிடைக்க வேண்டும் என்ற அறத்தை எங்கள் நாட்டுத் துயரம் உலகத்துக்கு நினைவூட்டியது.

இன்னொரு பாடமும் இங்கிருந்தே கிடைத்தது. 2003இல் அசித டி சில்வா குழுவினர் 401 அலரி நஞ்சு நோயாளரிடம் கரித்தூள் கரைசலைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குக் கரித்தூள், மற்றதற்கு மருந்துப்போலியாக வெறும் தண்ணீர். கரித்தூள் பிரிவில் 5 மரணங்கள், மற்றதில் 16. நல்ல செய்தி என்று எல்லோரும் மகிழ்ந்தோம். 2008இல் பல வகை நஞ்சு அருந்திய 4632 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில் அந்த நன்மை தெரியவில்லை. ஒரு ஆய்வை வைத்து ஊரைக் கூட்டக்கூடாது. இன்னொரு இடத்தில், இன்னும் பலரிடம் திரும்பச் செய்து பார்க்கும் பொறுமை வேண்டும்.

ஸ்டென்ட் பற்றிய கேள்வி

இன்று எங்கள் மாவட்டத்துக் குடும்பங்கள் பல அஞ்சியோகிராமுக்காகத் தூர வைத்தியசாலைகளுக்குப் போய் வருகின்றன. அடைப்பு இருக்கிறது, நாடியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் போட வேண்டும் என்றால் நகை அடகுக்குப் போகும் வீடுகளும் உண்டு. ஆகவே இதைத் தெளிவாகச் சொல்கிறேன். திடீர் மாரடைப்பில், நாடி முழுதாக அடைபட்ட நேரத்தில், ஸ்டென்ட் உயிர் காக்கும். அதில் ஐயமே இல்லை. நெஞ்சு இறுகி, வியர்த்து, நோவு கைக்கும் தாடைக்கும் ஏறினால், நேர்த்தியும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

நடக்கும்போது வந்து, நின்றால் போகும் நிலையான நெஞ்சு நோவுக்கு ஸ்டென்ட் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. 2007இல் வெளியான கரேஜ் ஆய்வு 2287 நோயாளரைப் பார்த்தது. நல்ல மருந்துகளோடு ஸ்டென்டும் சேர்த்தபோது மரணமோ மாரடைப்போ குறையவில்லை. அப்படியானால் நோவையாவது குறைக்கிறதா? அதைச் சோதிக்க லண்டனில் ரஷா அல்-லமீ என்ற இதய வைத்தியநிபுணர் தலைமையில் ஓர்பிட்டா ஆய்வு நடந்தது.

முதல் ஆறு கிழமைகள் எல்லோருக்கும் மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தார்கள். பிறகு 200 பேரை மேசையில் கிடத்தி, மயக்க மருந்து கொடுத்து, காதுகளை மூடும் ஹெட்ஃபோனில் இசை ஓடவிட்டார்கள். அறையில் யார் என்ன சொன்னாலும் அவர்கள் காதில் விழாது. 105 பேருக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. 95 பேருக்கு வைக்கவில்லை, ஆனாலும் சற்று நேரம் மேசையிலேயே வைத்திருந்தார்கள். சியாட்டிலில் நடந்ததற்கு மாறாக, இப்படி நடக்கும் என்பதை அறிந்தே எல்லோரும் சம்மதம் தந்திருந்தார்கள். ஆறு கிழமைக்குப் பின் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் முன்னைவிட 28.4 விநாடி கூடுதலாக நடந்தார்கள். வைக்காதவர்கள் 11.8 விநாடி. இடையில் உள்ள 16.6 விநாடி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றது புள்ளிவிபரக் கணக்கு. 2017 நவம்பரில் இந்த முடிவு வந்தபோது இதய மருத்துவ உலகமே அதிர்ந்தது.

அந்தக் குழு அதோடு நிற்கவில்லை. மருந்துகள்தான் வேறுபாட்டை மறைத்தனவோ என்று பார்க்க, 301 பேரிடம் நெஞ்சு நோவு மருந்துகளை நிறுத்திவிட்டு ஓர்பிட்டா-2 நடத்தினார்கள். 2023இல் வந்த முடிவில், 12 கிழமைகளில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு நோவு தெளிவாகக் குறைந்திருந்தது. அவர்கள் ட்ரெட்மில்லிலும் ஏறக்குறைய ஒரு நிமிடம் கூடுதலாக நடந்தார்கள். எனவே ஸ்டென்ட் வெறும் நம்பிக்கை அல்ல. நல்ல மருந்துகளைச் சரியாக எடுத்துவரும் ஒருவருக்கு அது மேலதிகமாகத் தரும் பயன் நாம் எண்ணியதைவிடச் சிறியது என்பதே பொருள். நிலையான நெஞ்சு நோவு உள்ளவர், முதலில் மருந்தைச் சரியாக எடுத்துப் பார்க்கலாமா டொக்டர் என்று கேட்பதற்கு இந்த இரண்டு ஆய்வுகளும் உரிமை தருகின்றன.

மருதம்பட்டையும் அதே தராசில்

மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் வரை கரையெங்கும் மருதமரம் நிற்கிறது. மருதம்பட்டைக் கஷாயம் நெஞ்சுக்கு நல்லது என்று பரியாரிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். எங்கள் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்கும் மாணவர்கள் இன்று இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக இரண்டு இந்திய ஆய்வுகளைச் சொல்கிறேன்.

இந்தூரில் பாரணி குழுவினர் நிலையான நெஞ்சு நோவுள்ள 58 ஆண்களிடம் மருதம்பட்டை, ஐசோசோர்பைட் மருந்து, மருந்துப்போலி மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு கிழமை. மருந்துப்போலியைவிட மருதம்பட்டை நன்றாகச் செயற்பட்டதாக 2002இல் எழுதினார்கள். அது குறுகிய கால ஆய்வு. 2016இல் டெல்லி எய்ம்ஸில் மௌலிக் குழுவினர் இதயம் பலவீனப்பட்ட நோயாளரிடம் 12 கிழமைகள் செய்த ஆய்வில், இதயம் இரத்தத்தைத் தள்ளும் திறன் மருந்துப்போலியைவிட மேம்படவில்லை.

எங்கள் மருந்தை மேல்நாட்டு முறையில் ஏன் சோதிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். மருந்துப்போலியோடு ஒப்பிடும் முறை யாருக்கும் சொந்தமல்ல. அது ஃபியெஸ்கியின் சத்திரசிகிச்சையையும் தள்ளியது, லண்டன் வைத்தியர்களின் ஸ்டென்டையும் கேள்வி கேட்டது. அந்தத் தராசில் ஏறி நிற்பது சித்த மருத்துவத்துக்குக் குறைவல்ல, பெருமை. கஷாயத்துக்கு ஒத்த நிறமும் துவர்ப்பும் மணமும் கொண்ட மருந்துப்போலி செய்வது எளிதல்ல என்பது உண்மை. அந்தக் கடினமான வேலையை இந்த வளாகத்து மாணவர்கள் செய்து காட்ட வேண்டும் என்பது என் பெரு விருப்பம்.

பயத்தால் வரும் வருத்தம்

நம்பிக்கை நோவைக் குறைப்பதுபோலப் பயம் நோவைக் கூட்டும். இதுதான் எங்கள் கிளினிக்குகளில் அன்றாடம் நடப்பது. கொலஸ்ட்ரோல் குளிசை போட்டால் ஈரல் பழுதாகும், சலரோகம் வரும், உடம்பு உளையும், இங்கிலிஷ் மருந்து சூடு என்று அயலில் கேட்டுவிட்டு வருவார்கள். போட்ட மூன்றாம் நாளே கால் உளைகிறது. குளிசை அலுமாரிக்குள் போய்விடும். கிளினிக்கில் கேட்டால் ஒழுங்காகப் போடுகிறேன் என்பார்கள்.

சாம்சன் என்ற ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியினர், பக்கவிளைவால் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்திய 60 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஆண்டு முழுவதற்குமாக 12 போத்தல்கள். நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்துப்போலி, நான்கு வெறும் போத்தல். அன்றன்று உடம்பு எப்படி என்று கைபேசியில் புள்ளி போட வேண்டும். ஒன்றும் எடுக்காத மாதங்களில் சராசரி உபாதை 8.0 புள்ளி. ஸ்டாட்டின் எடுத்த மாதங்களில் 16.3. மருந்துப்போலி எடுத்த மாதங்களில் 15.4. உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு குளிசை விழுங்குகிறோம் என்ற எண்ணத்தாலேயே வந்திருக்கிறது. தம் சொந்தக் கணக்கைக் காட்டியதும் அந்த 60 பேரில் பாதிப்பேர் மீண்டும் ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினார்கள். ஸ்டாட்டினால் உண்மையாகவே தசை பாதிக்கப்படுவோர் சிலரும் உண்டு. அதை அறிய இரத்தச் சோதனை உதவும். எனவே உளைவு வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒரு பழைய ஆய்வையும் சொல்ல வேண்டும். மாரடைப்பிலிருந்து மீண்ட ஆண்களிடம் அமெரிக்காவில் நடந்த கொரோனரி ட்ரக் புரொஜெக்ட் ஆய்வில், மருந்துப்போலி பெற்றவர்களையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். குளிசையை ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்தாண்டில் இறந்தவர் 15.1 சதவீதம். ஒழுங்கில்லாமல் விழுங்கியவர்களில் 28.2 சதவீதம். உள்ளே மருந்தே இல்லை. அப்படியானால் மருந்துப்போலி உயிரைக் காத்ததா? அப்படி முடிவு கட்டக்கூடாது. குளிசையை ஒழுங்காக எடுப்பவர் பெரும்பாலும் புகைப்பதை விடுகிறார், நடக்கிறார், கிளினிக் நாளைத் தவறவிடுவதில்லை. மருந்தெடுக்கும் ஒழுங்கு வாழ்க்கையின் ஒழுங்கைக் காட்டுகிறது. குளிசை போட்டவர்களையும் போடாதவர்களையும் வெறுமனே ஒப்பிட்டு மருந்தின் பெருமை பேசுவோரை இந்த எண்கள் எச்சரிக்கின்றன.

ஒழுங்கை எளிதாக்கவும் முடியும். இலங்கையிலேயே 700 உயர் குருதியமுக்க நோயாளரிடம் நடந்த ட்ரையம்ஃப் ஆய்வு 2018இல் வெளிவந்தது. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பிரிவில் 70 சதவீதத்தினருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 55 சதவீதம். இங்கே யாருக்கும் மருந்துப்போலி கொடுக்கவில்லை. பிரஷர் மருந்து பயன்படும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. தெரிந்த மருந்தை எப்படிக் கொடுத்தால் மக்கள் எடுப்பார்கள் என்பதே அங்கு கேள்வி. கேள்விக்கு ஏற்ற ஒப்பீட்டைத் தேர்ந்தெடுப்பதும் அறம்தான்.

நேர்மையான வழி

அப்படியானால் வைத்தியர் நோயாளிக்கு மருந்துப்போலி கொடுக்கலாமா? ஆராய்ச்சியில், சம்மதத்தோடு கொடுக்கலாம். கிளினிக்கில் ஏமாற்றிக் கொடுக்கக்கூடாது என்பதே என் உறுதியான நிலைப்பாடு. ஒரு ஊசி போட்டால்தான் சுகம் வரும், ஒரு சேலைன் ஏற்றினால்தான் தெம்பு வரும் என்று கேட்டு வரும் மக்களுக்குத் தேவையற்ற ஊசியைப் போட்டு அனுப்புவது எளிது. உண்மை ஒரு நாள் வெளியே வரும். அன்று அந்த ஊசியோடு சேர்த்து எல்லா மருந்தின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

ஏமாற்றாமலேயே நம்பிக்கையின் பயனைப் பெறலாம். பென்சனும் மக்காலியும் கண்ட அந்த உறுதி, பயனுள்ள மருந்தைக் கொடுக்கும் வைத்தியரின் குரலில் இருக்கட்டும். இந்தக் குளிசை உங்கள் நெஞ்சுக்கு என்ன செய்யும், எத்தனை நாளில் செய்யும், எந்த உபாதை வரலாம், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நோயாளியின் மொழியில் சொல்லப்படும் சில வசனங்கள் போதும். அவை மருந்தோடு சேர்ந்து வேலை செய்யும். சனம் நிறைந்த கிளினிக்கில் நேரம் கிடைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் தாதியரையும் மருந்தாளரையும் கேட்கிறேன். குளிசைப் பையை நீட்டும் அந்த இரண்டு நிமிடமும் சிகிச்சையே. மருந்துப் பையிலும் சம்மதப் படிவத்திலும் தமிழும் சிங்களமும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது சலுகை அல்ல, மருத்துவத் தேவை.

அன்பர்களே, நேர்த்தியை விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நூல் கட்டுங்கள், துஆ கேளுங்கள், கன்னியாவில் முழுகுங்கள். பயம் குறையும், பயம் குறைந்தால் நெஞ்சின் சுமையும் ஓரளவு குறையும் என்பதை இன்று விஞ்ஞானமே சொல்கிறது. ஆனால் அந்தச் சுகத்தை நம்பிக் குளிசையை நிறுத்தாதீர்கள். சுகமாக இருக்கிறது என்ற உணர்வு நாடிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காட்டாது. பிரஷரை அளந்து பாருங்கள், கொலஸ்ட்ரோலைச் சோதியுங்கள், கொப்பியில் எழுதிய எண்ணைப் பாருங்கள். மனம் சொல்வதையும் எண் சொல்வதையும் இரண்டையும் கேட்டு முடிவெடுங்கள்.

வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் மாவட்டத்திலிருந்து நோயாளரை ஆய்வுக்குச் சேர்க்கும்போது அவர்களை முழுமையாக அறிந்து சம்மதித்தவர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வு முடிந்ததும் முடிவை அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். பயன் நிறுவப்பட்ட மருந்து அவர்களுக்குக் கிடைக்கும்படி குரல் கொடுங்கள். அலரி நஞ்சின் எதிர்ப்பு மருந்துக்கு நேர்ந்தது இன்னொரு மருந்துக்கு நேரக்கூடாது.

மருந்துப்போலியை ஒரு தந்திரம் என்று சிலர் இகழ்கிறார்கள், அற்புதம் என்று சிலர் போற்றுகிறார்கள். அது ஒரு அளவுகோல். எவ்வளவு சுகம் எங்கள் மனதிலிருந்து வந்தது, எவ்வளவு மருந்திலிருந்து வந்தது என்று அது அளந்து காட்டுகிறது. அளந்தபின் இரண்டையுமே நோயாளியின் நலனுக்காகப் பயன்படுத்தும் பொறுப்பு எங்களுடையது. அந்தப் பொறுப்பை இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு கிளினிக்கும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.